ஜோடிப் படகில் முன்னால் உட்கார்பவள்

எங்கள் பாய்ப்படகுச் சங்கத்தில் இரண்டே கட்சிதான். ஒத்தைக் கட்சி, ஜோடிக் கட்சி. ஒத்தைப் படகில் ஒரு பாய், ஒரு சுக்கான், ஒரே ஆள். ஜோடிப் படகில் பெரிய பாய் ஒன்று, அதற்கு முன்னால் சின்னப் பாய் ஒன்று, இரண்டு ஆள். பின்னால் உட்கார்பவர் சுக்கானைப் பிடிப்பார், பெரிய பாயை இழுப்பார், முடிவெடுப்பார், திட்டுவார். முன்னால் உட்கார்பவர் சின்னப் பாயின் கயிற்றை இழுப்பார், படகு ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்க விளிம்பில் உட்கார்ந்து முதுகை வெளியே தள்ளிப் படகை நிமிர்த்துவார், திட்டு வாங்குவார். நான் ஆறு வருஷம் முன்னால் உட்கார்ந்தவள். பின்னால் உட்கார்ந்தவன் என் அண்ணன்.

ஏரி பாகூர்ப் பக்கம். எந்த ஏரி என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் சங்கத்து ஆட்கள் சண்டைக்கு வருவார்கள், எனக்கு அவர்களோடு மல்லுக்கட்ட நேரமில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பினால் மார்கழியிலிருந்து சித்திரை வரை எங்களுக்கு சீசன். அதற்குப் பிறகு தண்ணீர் வயலுக்குப் போய்விடும், ஏரியில் மாடு மேயும். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிய ஒரு சொல்தா, அங்கிருந்து இரண்டு பழைய படகுகளைத் தருவித்து ஆரம்பித்த சங்கம் இது. இப்போது எட்டுப் படகு இருக்கிறது, நாலு ஒத்தை, நாலு ஜோடி. கரையில் ஒரு தகரக் கொட்டகை. தண்ணீரில் மணல் மூட்டை கட்டி மிதக்கவிட்ட மூன்று நீல டிரம். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குக் கடல்காற்று ஊருக்குள் வந்ததும் சொல்தா விசில் ஊதுவார். எட்டுப் படகும் ஒன்றாகப் புறப்பட்டு டிரம்களை இரண்டு சுற்று சுற்றி வர வேண்டும். கடைசியாக வருகிற படகுக்காரர் எட்டுப் படகையும் கழுவ வேண்டும். இந்த ஒரு சட்டத்தை மட்டும் யாரும் மீறியதில்லை, ஏனென்றால் மற்ற ஏழு பேருக்கும் அது வசதி.

பந்தயம் முடிந்து டீ குடிக்கும்போது வாரா வாரம் ஒரே வழக்கு. ஒத்தை உசத்தியா, ஜோடி உசத்தியா? ஜோடிக்காரர்கள்தான் ஆரம்பிப்பார்கள். "ஒத்தைல போறவன்லாம் வூட்ல பொண்டாட்டி மூஞ்சி குடுத்துப் பேசாதவன்பா. அதான் இங்க வந்து காத்தோட பேசிக்கினு இருக்கான்." ஒத்தைக்காரர்கள் விடமாட்டார்கள். "ஒங்களுக்குக் கொல்லைக்குப் போவக்கூட தொணைக்கு ஒரு ஆள் வேணும்டா." பிறகு கொஞ்சம் கௌரவமாகப் பேச ஆரம்பிப்பார்கள். ஒத்தையில் ஜெயித்தால் அது முழுக்க உன் ஜெயம், தோற்றால் முழுக்க உன் தோல்வி, அதில்தான் மரியாதை என்பார் ஒருவர். ஜோடியில் ஒருத்தர் டிரம்மைப் பார்க்கலாம், ஒருத்தர் காற்றைப் பார்க்கலாம், அதுதான் விளையாட்டு என்பார் இன்னொருவர். இப்படி வாய் கிழியப் பேசியவர்கள் அத்தனை பேரும் சுக்கான் பிடிக்கிறவர்கள். முன்னால் உட்கார்கிற எங்கள் நாலு பேரை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நாங்கள் பாயை மடித்துக்கொண்டிருப்போம். ஆறு வருஷத்தில் நான் கண்டுபிடித்தது இவ்வளவுதான்: ஆட்கள் ஜோடிப் படகை விரும்புவது, திட்டுவதற்கு ஓர் ஆள் கைக்கெட்டும் தூரத்தில் கிடைப்பதால்.

வில்லியனூர் கடைத்தெருவில் எங்களுக்கு இரும்புக் கடை. ஆணி, போல்ட், நைலான் கயிறு, கப்பி, பெயிண்ட். அப்பா போன பிறகு கடை அண்ணன் கைக்கு வந்தது. கல்லாவில் அவன், கவுண்டரில் நான். கடையில் அண்ணனைப் போலப் பொறுமைசாலியைப் பார்க்க முடியாது. ஒரே போல்ட்டை ஒருத்தர் நாலு தடவை மாற்ற வந்தாலும் முகம் சுளிக்க மாட்டான். "தப்பா குடுத்தது நம்ப பொண்ணுதான் சார்" என்று என் தலையில் போட்டுவிட்டுச் சிரித்த முகமாக மாற்றிக் கொடுப்பான். அந்தப் பொறுமையை எல்லாம் ஆறு நாள் சேர்த்துவைத்து ஏழாம் நாள் ஏரியில் கொட்டுவான்.

"இழு! இழுடி! சோத்துக்கு வழியில்லாதவ மாரி இன்னா இழுவ இது?"

காற்று பலமாக இருந்தால் என் கனம் போதாது. "ரெண்டு இட்லி சேத்து துன்னுட்டு வந்தா இன்னா கொறஞ்சிடுவ?" காற்று செத்துப்போனால் என் கனம் அதிகம். "எரும மாட்ட ஏத்திக்கினு வந்தா படகு எங்க நவரும்?" ஒரே உடம்பு, ஒரே ஞாயிற்றுக்கிழமை. பதினோரு மணிக்கு ஈர்க்குச்சி, பன்னிரண்டு மணிக்கு எருமை. தண்ணீர் மேல் சத்தம் நன்றாகப் போகும். கரையில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்கிறவர்களுக்கு அது இலவச நாடகம். போன ஞாயிறு சொன்னதை இந்த ஞாயிறு எனக்கே சொல்லிக்காட்டிச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். சிரிக்காவிட்டால் ரோஷக்காரி என்பார்கள்.

ஜெயித்ததே இல்லையா என்றால், ஜெயித்திருக்கிறோம். கொட்டகைச் சுவரில் ஒரு கறுப்புப் பலகை இருக்கிறது. வருஷக் கோப்பை வாங்கியவர் பெயரை அதில் வெள்ளைப் பெயிண்டால் எழுதுவார்கள். அண்ணன் பெயர் இரண்டு வருஷத்துக்கு இருக்கிறது. என் பெயர் இல்லை. முன்னால் உட்கார்ந்த யார் பெயரும் இல்லை, அது அங்கே வழக்கமில்லை. அந்தப் பெயிண்ட் எங்கள் கடைப் பெயிண்ட். டப்பாவைத் திறந்து, கலக்கி, பிரஷ்ஷோடு எடுத்துக் கொடுத்தவள் நான். கடைசியாக வந்த நாட்களில் மட்டும் வேலை எனக்கு முழுசாக வந்து சேரும். அண்ணன் டீக்குப் போவான், நான் எட்டுப் படகையும் கழுவுவேன்.

அண்ணி கரிக்கலாம்பாக்கத்துப் பெண். அவர்கள் வீட்டு நெல்வயலில் பாதி மனைக்கட்டாகிக் கல் நட்ட வருஷம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். என்னைவிட ஒரு வயது சின்னவள். ஆனாலும் அண்ணி அண்ணிதான். நான் அவளை நீங்க என்பேன், அவள் என்னைப் பாப்பா என்பாள். தண்ணீர் என்றால் அவளுக்கு அப்படி ஒரு பயம். பம்புசெட் தொட்டியில்கூட கணுக்காலுக்கு மேல் இறங்கியதில்லை என்று அவளே சொல்வாள். ஞாயிறு சாயங்காலம் கயிறு உரசித் தோல் பிய்ந்த என் உள்ளங்கையைப் பிடித்துவைத்துக்கொண்டு, தேங்காய் எண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவுவாள்.

"கல்யாணம் ஆவப்போற பொண்ணு கையா இது? கொத்தனாரு கை மாரி கீது. வரலன்னு சொல்லிட வேண்டிதான?"

"நான் வரலன்னா ஒங்களத்தான் இட்டுக்கினு போயி குந்த வைப்பாரு அண்ணி."

இதற்கு இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அண்ணி படகில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தாலே சிரிப்பு வந்தது.

போன வருஷம் மார்கழியில் திண்டிவனத்திலிருந்து எனக்கு ஒரு வரன் வந்தது. பாத்திரக்கடைக்காரர்கள். மாப்பிள்ளை வந்து பார்த்தான். எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. டீயை அவன் உறிஞ்சிய சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும். ஆனாலும் எனக்கு இருபத்தொன்பது முடிந்து முப்பது நடந்துகொண்டிருந்தது, அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை, சரி என்றேன். மாசியில் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பிறகு பேச்சே இல்லை. ஒன்றரை மாதம் கழித்து அவர்கள் விழுப்புரத்தில் வேறு பெண்ணை முடித்துவிட்டதாகத் தரகர் வந்து சொன்னார். அம்மா அழுதாள். என் நிறத்தைச் சொல்லி அழுதாள், ஏரி வெயிலைச் சொல்லி அழுதாள். "எல்லாம் நல்லதுக்குத்தான்மா" என்று அண்ணன் அவளைத் தேற்றினான். அந்த ஞாயிறும் நான் முன்னால் உட்கார்ந்தேன்.

பங்குனியில் ஒருநாள் மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது அண்ணிதான் சொன்னாள். சொல்வதற்கு முன் படிக்கட்டை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"நான் சொன்னன்னு சொல்லிடாத பாப்பா. அவங்க மாசிலியே வைக்கணும்னுதான் நின்னாங்க. ஒங்க அண்ணன்தான் வைகாசி பொறக்கட்டும்னாரு. ஏன்னு கேட்டாங்க. பொண்ணு ஜாதகத்துல ஒரு தோஷம் கீது, வைகாசிலதான் கழியுதுன்னு சொல்லிட்டாரு."

"எனுக்கு இன்னா தோஷம்?"

"ஒண்ணியும் இல்ல. சித்திரை வரைக்கும் ஒங்க பந்தயம் கீது இல்ல? இன்னொரு ஆள பழக்கறதுக்குள்ள சீசனே பூடும், இந்த வாட்டி கோப்பைய உட்டுடக் கூடாதுன்னு போன்ல யார்கிட்டியோ சொல்லிக்கினு இருந்தாரு. நான் சமையக்கட்லேந்து கேட்டன்."

அந்த மாப்பிள்ளை போனதில் எனக்கு ஒரு சொட்டு வருத்தம் கிடையாது. ஆனால் தோஷம் என்று ஒரு வார்த்தை வீட்டை விட்டு வெளியே போனால் அது திண்டிவனத்தோடு நிற்காது, தரகர் மூலமாக அடுத்தடுத்து வருகிற எல்லார் காதுக்கும் போகும். பிறந்ததிலிருந்து கடைத்தெருவில் வளர்ந்த அண்ணனுக்கு அது தெரியாததில்லை. தெரிந்தேதான் சொன்னான். என் கனம் ஐம்பத்தோரு கிலோ. அந்த ஐம்பத்தோரு கிலோ சித்திரை வரைக்கும் படகில் இருந்தாக வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு நான். அன்று மடித்த துணியை எல்லாம் மறுபடி பிரித்து மறுபடி மடித்தேன். அண்ணன் சட்டையைத் தொட மட்டும் கை கூசியது.

அவனிடம் கேட்கவும் முடியாது. கேட்டால் அண்ணி மாட்டிக்கொள்வாள். அதனால் அடுத்த ஞாயிறு நேராக சொல்தாவிடம் போனேன். பெங்களூருக்கு வேலை மாறிப் போன ஒருவரின் ஒத்தைப் படகு கொட்டகையில் தூசி படிந்து கிடந்தது. அதை நான் ஓட்டட்டுமா என்று கேட்டேன். அவர் தன் விசிலைத் துடைத்துக்கொண்டே, "எலி கடிக்கறதுக்கு பதுலா நீ ஓட்டலாம், எட்துக்கோ" என்றார். அண்ணன் எல்லார் எதிரிலும் சிரித்தான்.

"சுக்கான் புடிக்கத் தெரியுமா ஒனுக்கு? சோத்துக்கை பீச்சாங்கை தெரியாத கழுத."

"ஆறு வருஷமா ஒன் பக்கத்துலதான ண்ணா குந்திக்கினு இருக்கன்" என்றேன்.

அன்றைக்கு மூன்று தடவை கவிழ்ந்தேன். மூன்று தடவையும் படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகையின் மேல் ஏறி நின்று படகை நிமிர்த்தினேன். கரையில் ஒவ்வொரு தடவையும் கைதட்டினார்கள், அது பாராட்டு இல்லை. கடைசியாக வந்து எட்டுப் படகையும் கழுவினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அன்று எனக்கு இருந்த சந்தோஷம் அண்ணனோடு கோப்பை வாங்கிய இரண்டு வருஷமும் இருந்ததில்லை. தண்ணீரில் விழுந்தபோது திட்டுவதற்குப் பக்கத்தில் யாரும் இல்லை. பழக்கதோஷத்தில் நானே என்னை அண்ணன் குரலில் ஒருமுறை திட்டிப் பார்த்தேன். நடு ஏரியில் தனியாகச் சிரித்தேன்.

அந்த வருஷக் கோப்பை அண்ணனுக்குக் கிடைக்கவில்லை. இந்த சீசன் மார்கழியில் தொடங்கியபோது முன்னால் உட்கார அவன் இரண்டு நண்பர்களைக் கூட்டிவந்தான். ஒருத்தர் ஒரே ஞாயிறு தாங்கினார். இன்னொருத்தர் பந்தயத்தின் நடுவிலேயே, "மரியாதையா பேசு, இல்ல நான் நீந்தியே பூடுவன்" என்றார், கரைக்கு வந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு போனவர்தான். மூன்றாவது ஞாயிறு அண்ணனுக்குப் பின்னால் அண்ணி இறங்கி வந்தாள். சுடிதார் மேல் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட், துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக் கட்டியிருந்தாள். ஜாக்கெட்டின் பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பாப்பா, கவுந்துடாதில்ல?"

"அதான் ஜாக்கெட் போட்டுக்கினு கீறீங்களே அண்ணி. ஒண்ணியும் ஆவாது."

நான் திரும்பவும் ஜோடிப் படகுக்குப் போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் வீட்டுக்குப் போயிருப்பாள். அது எனக்குத் தோன்றாமல் இல்லை. நன்றாகவே தோன்றியது. தோன்றியதை ஓரமாக வைத்துவிட்டு என் படகைத் தண்ணீரில் இறக்கினேன்.

தை பிறந்தபோது நான் தேறிவிட்டேன். ஒத்தைப் படகு காற்றின் சின்ன அசைவுக்கும் பதில் சொல்லும், இரண்டு பேர் கனத்தைச் சுமந்துகொண்டு யோசிக்காது. மூன்றாவதாக வந்தேன், பிறகு இரண்டாவதாக. அண்ணன் ஐந்தாவது ஆறாவது என்று இழுபட்டுக்கொண்டிருந்தான். அண்ணி தினுசு தினுசாகத் திட்டு வாங்கினாள். சாயங்காலம் அவள் கையைப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதால் நான் சமையலறைப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

இனி நான் சொல்லப்போவது தையின் நாலாவது ஞாயிறு நடந்தது. பந்தயத்துக்கு முன் பாய் கட்டும்போது ஜோடிக்காரர் ஒருவர் அண்ணனைச் சீண்டினார். "இன்னாபா, தங்கச்சி ஒத்தைலியே செட்டில் ஆயிடுச்சி போல?"

அண்ணன் கயிற்றில் முடிச்சுப் போட்டபடி நிதானமாகச் சொன்னான். "அது ஜாதகம் அப்டி. தோஷம். யார் கூடவும் ஒட்டாது."

எல்லாரும் சிரித்தார்கள். ஒத்தைக் கட்சி, ஜோடிக் கட்சி என்ற பேதம் இல்லாமல் சிரித்தார்கள். அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குக் காது இரண்டும் எரிந்தன. அவனே இட்டுக்கட்டிய பொய், அதை அவனே நம்புகிறவன் மாதிரி, அதுவும் சபையில் சொல்கிறான். அந்த நிமிஷம் அவன் தண்ணீரில் விழுந்து திரும்பி வராவிட்டாலும் நான் அழுதிருக்க மாட்டேன்.

விசில் ஊதியது. காற்று லேசாக, சீராக இருந்தது. அது என் கனத்துக்கென்றே வீசிய காற்று. புறப்பட்ட ஐந்தாவது நிமிஷத்தில் நான் முதலில் இருந்தேன். முதல் டிரம்மை வெறும் தண்ணீருக்கு நடுவில் தனியாகச் சுற்றினேன். அப்படியே போயிருந்தால் அன்று ஜெயம் என்னுடையது. வாழ்க்கையில் முதல் ஜெயம். திரும்பிப் பார்த்தேன். அண்ணன் ஐந்தாவதாக வந்துகொண்டிருந்தான். நான் சுக்கானைத் தள்ளிப் படகைத் திருப்பி அவனை நோக்கிப் போனேன்.

பாய்ப்படகு விளையாட்டில் சட்டத்துக்கு உட்பட்ட ஓர் அயோக்கியத்தனம் உண்டு. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் போய் எதிராளிக்கு முன்னால் நின்றுகொண்டால், அவனுக்குப் போக வேண்டிய காற்றை நம் பாய் தடுத்துவிடும். அவன் பாய் கொடியில் போட்ட ஈரத்துணியாகத் தொங்கும். அவன் தப்பிக்கத் திரும்பினால் நாமும் திரும்ப வேண்டும். மறுபடி திரும்பினால் மறுபடி. கோப்பையின் கடைசிப் பந்தயத்தில் முதல் இடத்துக்காரர் இரண்டாம் இடத்துக்காரரை இப்படி மடக்குவது உண்டு. முதலில் போகிறவள் திரும்பி வந்து ஐந்தாவது படகின் மேல் உட்கார்ந்துகொண்டதை எங்கள் ஏரி அதுவரை பார்த்ததில்லை.

நான் நெருங்கி வருவதை அண்ணிதான் முதலில் பார்த்தாள். முகம் மலர்ந்தது. கயிற்றிலிருந்து ஒரு கையை எடுத்து எனக்கு ஆட்டினாள்.

"கயித்த உட்டுட்டு இன்னாடி டாடா காட்ற!" என்று அண்ணன் கத்தினான்.

நான் அவர்களுக்கு முன்னால் போய் என் பாயை விரித்து நின்றேன். அவர்கள் பாய் செத்தது. அண்ணன் திரும்பினான், நான் திரும்பினேன். அது ஒன்று.

ஜோடிப் படகு ஒருமுறை திரும்பினால் முன்னால் உட்கார்பவளுக்கு என்ன ஆகும் என்று அந்த ஏரியில் என்னைவிடத் தெரிந்தவர் இல்லை. இழுத்துப் பிடித்த கயிற்றை விட வேண்டும். பாயின் அடியில் இருக்கும் அலுமினியக் கம்பம் தலைக்கு மேலாக வீசிக்கொண்டு போகும், அதற்குக் குனிய வேண்டும். குனிந்தபடியே மறுபக்கத்துக்குத் தவழ வேண்டும், நடுப்பலகையின் பெட்டியில் முட்டி இடிக்கும். அந்தப் பக்கம் போனதும் இன்னொரு கயிற்றை உள்ளங்கை எரிய இழுக்க வேண்டும். பின்னால் இருப்பவனுக்கு இதில் ஒரு வேலையும் இல்லை, சுக்கானை ஒரு முழம் தள்ளினால் போதும். ஆகவே நான் அண்ணனுக்குக் கொடுத்த தண்டனையில் அவன் உடம்பில் பட்டது எதுவும் இல்லை. அது எனக்குத் தெரியும். அன்று மட்டும் தெரியாது என்று சொல்ல முடியாது.

எண்ணிக்கொண்டே போனேன். நாலு, ஐந்து, ஆறு. அண்ணன் குரல் ஏறிக்கொண்டே போனது. "இழுடி! சோத்துக்கு வழியில்லாதவ மாரி..." அதற்கடுத்து என்ன வரும் என்று எனக்கு மனப்பாடம். அவன் சொல்வதற்கு முன்பே என் உதடு அசைந்தது. எட்டு, ஒன்பது. எருமை வந்தது. மற்றப் படகுகள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போய்விட்டன. எனக்கு இனித்தது. வெட்கப்பட்டுச் சொல்வதாகப் பாசாங்கு செய்ய மாட்டேன், அவ்வளவு இனித்தது. ஆறு வருஷம் என் காதில் விழுந்த ஒவ்வொரு வார்த்தையும் அன்று வேறொருத்தி காதில் விழுந்துகொண்டிருந்தது. அவன் கத்தக் கத்த அவன் தோற்கிறான் என்று மட்டும் கேட்டேன்.

பதினைந்தாவது திருப்பத்தில் அண்ணி சரியாகக் குனியவில்லை. கம்பம் நெற்றியில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. தேங்காயைத் தரையில் வைத்த மாதிரி ஒரு சின்னச் சத்தம். அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு படகின் அடியில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் முதல் தடவையாக அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கத்தினான்.

"அறிவு கீதாடி ஒனுக்கு? முன்னால போடி! போயி ஜெயிச்சித் தொல!"

அண்ணியும் என்னைப் பார்த்தாள். கையை ஆட்டவில்லை, வெறுமனே பார்த்தாள். அப்போது விட்டிருக்கலாம். சுக்கானைக் கொஞ்சம் இழுத்தால் போதும், விலகிப் போயிருப்பேன். ஆனால் அவன் என்னைப் போ என்று சொல்லிவிட்டான். அவன் சொல்லி நான் ஒன்றைச் செய்வது இனிமேல் கிடையாது என்று இருந்தேன். பதினாறு. பதினேழு. அதற்குப் பிறகு அண்ணி என் பக்கம் பார்க்கவே இல்லை. மொத்தம் இருபத்தாறு.

நான் ஏழாவதாக வந்தேன், அவர்கள் எட்டாவது. கரையில் ஒத்தைக் கட்சி விசிலடித்து வரவேற்றது. "ஒத்தைதான் உசத்தின்னு இன்னிக்கு முடிவாயிடுச்சிபா" என்று ஒருவர் என் முதுகில் தட்டினார். இன்னொருவர் எல்லாவற்றையும் போனில் எடுத்து சங்கத்து வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டிருந்தார். அண்ணன் என்னைப் பார்க்காமல் டீக்கடைப் பக்கம் போனான். சொல்தா மட்டும் தன் நோட்டிலிருந்து தலையைத் தூக்கி, "சட்டப்படி சரிதான். மொதல்ல வர வேண்டியவ ஏழாவதா வந்து கீற. இன்னாத்துக்கு?" என்றார். நான் சிரித்து மழுப்பினேன்.

கடைசிப் படகுக்காரர் கழுவ வேண்டும். அண்ணி வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனாள். நெற்றியில் ஒரு புளியங்கொட்டை அளவுக்கு வீங்கியிருந்தது. போய் வாளியை வாங்கியிருக்கலாம். என்னைச் சுற்றி ஆட்கள் நின்று, எப்படித் திரும்பினேன், எப்படி மடக்கினேன் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆறு வருஷத்தில் அந்தக் கொட்டகையில் என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. நான் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணி ஒவ்வொரு படகாகத் துடைத்துக்கொண்டே வந்து என் படகுக்கு வந்தாள். சுக்கானில் சுற்றியிருந்த பாசியைக் குனிந்து நிதானமாக எடுத்தாள். மற்றப் படகுகளைப் போலவே அதையும் சுத்தமாகக் கழுவினாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் தேங்காய் எண்ணெயில் மஞ்சளைக் குழைத்து எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அண்ணி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து கையைக் கேட்டேன். மறுப்பாள் என்று நினைத்தேன். கையைத் துடைத்துவிட்டு நீட்டினாள். நாலு விரலின் அடியிலும் தோல் பிய்ந்து சிவந்திருந்தது. நான் தடவினேன். அவள் கையைப் பார்த்தபடியே பேசினாள், குரலில் கோபம் இல்லை.

"நீ மொதல்ல போய்க்கினு இருந்த இல்ல பாப்பா? அப்பறம் திரும்பி எங்களாண்ட வந்த."

"ஆமா அண்ணி."

"அதப் பாத்துட்டு ஒங்க அண்ணன்கிட்ட சொன்னன். எனுக்குத் தண்ணின்னா பயம்னு தெரியும் இல்ல, அதான் பாப்பா ஜெயிக்கறதக்கூட உட்டுட்டு தொணைக்கு வருதுன்னு."

நான் எண்ணெயைத் தடவிக்கொண்டே இருந்தேன். தடவ வேண்டிய இடமெல்லாம் தடவியாகிவிட்டது. கையை விட்டால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"அண்ணன் இன்னா சொன்னாரு?"

"சிரிச்சாரு. நீ எதுக்கு வரன்னு அவருக்கு அப்பவே தெரிஞ்சிடுச்சி. எனுக்குதான் தெரில." கையை மெல்ல உருவிக்கொண்டு மறுபடி வெங்காயத்தை எடுத்தாள்.

அடுத்த ஞாயிறும் அண்ணி வந்தாள். பட்டையைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நிற்கவில்லை, கவிழ்ந்துவிடுமா என்று கேட்கவில்லை. நேராகப் போய் ஜோடிப் படகில் முன்னால் உட்கார்ந்தாள். அன்று நான் யாரையும் திரும்பிப் பார்க்காமல் ஓட்டினேன், முதலாவதாக வந்தேன். அவர்கள் கடைசியாக வந்தார்கள். என் படகை அண்ணிதான் கழுவினாள்.